கணக்கெடுக்க வந்த அன்று வீடு பூட்டியிருந்தால்?

கேள்வி: கடலூரில் எங்கள் நரிக்குறவர் குடியிருப்பை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டித் தரப்போவதாகச் சொல்கிறார்கள். கூட்டம் போட்டு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். தாளில் என்ன எழுதியிருந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியவில்லை. கருத்துக் கேட்டதற்கு அதையே ஆதாரமாகக் காட்டிவிடுவார்களா?

பதில்: காட்டுவார்கள். அதனால் அந்தத் தாளின் நகலை முதலில் கையில் வாங்குங்கள். 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, கூட்டக் குறிப்பு, வருகைப் பதிவு, பயனாளிகள் பட்டியல் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததற்குப் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. ஆனால் அதன் மேலே இரண்டு வரி சேர்த்துச் சம்மதக் கடிதமாக்கிய கோப்பை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே, "கூட்டத்துக்கு வந்தோம், சம்மதம் தரவில்லை, எங்கள் கோரிக்கைகள் இவை" என்று எழுதி மாநகராட்சி ஆணையருக்கும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கும் (பழைய குடிசை மாற்று வாரியம்தான்) கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்தைவிட எனக்குப் பெரிய கவலை, யாருக்கு வீடு என்று பட்டியல் போட வீடு வீடாக வந்து எடுக்கும் கணக்கெடுப்புதான். உங்கள் ஆட்கள் பாசிமணி விற்க ஊர் ஊராகப் போகிறவர்கள். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம், தீபத்துக்குத் திருவண்ணாமலை. அந்த வாரம் பார்த்துக் கணக்கெடுக்க வந்தால், படிவத்தில் 'வீடு பூட்டியிருந்தது' என்று ஒரு வரி விழும். குடும்பமே பட்டியலில் இருக்காது. ஓர் ஊரில் பூட்டிய வீட்டு வாசலிலேயே பாட்டி உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தார். வந்தவருக்கு உங்கள் வாக்ரிபோலி மொழி தெரியாது, பாட்டிக்கு 'குடும்பத் தலைவர் விவரம்' புரியவில்லை. பூட்டியிருந்தது என்றே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தெருப் பிள்ளை ஒருவரைக் கூடவே அழைத்துப் போனால் என்ன குறைந்துவிடும்? எத்தனை வருடமாகக் கேட்கிறேன்!

அவர்களை நம்பியிருக்காமல் பட்டியலை நீங்களே எழுதுங்கள். வீடு வாரியாகப் பெயர், ரேஷன் கார்டு, வாசலில் குடும்பத்தோடு ஒரு போட்டோ, பழைய பி-மெமோ ரசீது (புறம்போக்கில் குடியிருப்பதற்கு வருவாய்த் துறை போடும் அபராதம்). அபராத ரசீதுதானே என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை வருடமாக அங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு அரசாங்கமே கொடுத்த சாட்சி அது. அப்புறம் வார்டு பகுதி சபையில் அந்தப் பட்டியலைப் படித்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர்கள். பெண்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். மணி கோக்கத் தரைத்தளத்தில் ஒரு பொது இடம் வேண்டும் என்று அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

இந்த நேரத்தில்தான் புரோக்கர் வருவான். "டோக்கன் போட்டு வைத்திருக்கிறேன், கீழ்த்தளமே வாங்கித் தருகிறேன்" என்பான். வாரியத்தின் பெயரில் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசல் கார்டையும் ஆதாரையும் கண்ணில்கூடக் காட்டாதீர்கள். பழங்குடிச் சான்றிதழ் இருந்தால்தான் வீடு என்று பயமுறுத்தி அதற்கும் ஒருவன் விலை சொல்வான். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறி நீங்கள் பழங்குடிப் பட்டியலில் வந்துவிட்டீர்கள். சான்றிதழைத் தருபவர் வருவாய் கோட்டாட்சியர், நேரே அவரிடமே விண்ணப்பியுங்கள். கணக்கெடுப்புக்கு வேண்டியது நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். 15 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் உள்ள ஆக்கிரமிப்புக்கு அந்தத் தீர்ப்பின் பாதுகாப்பு கிடையாது. கெடிலமும் தென்பெண்ணையும் ஓடும் ஊரில், அதுவும் ஃபெஞ்சல் வெள்ளம் பார்த்த பிறகு, 'நீர்நிலை' என்ற சொல் அதிகாரிகள் வாயில் சட்டென்று வந்துவிடுகிறது. வாய்வார்த்தையை நம்பாதீர்கள். சர்வே எண்ணைக் கண்டுபிடித்து அ-பதிவேட்டில் (எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் கிராமக் கணக்கு) பாருங்கள். நகர நில அளவை முடிந்த இடமென்றால் நகர நில அளவைப் பதிவேட்டில் இருக்கும். ஆறு, வாய்க்கால், ஓடை, குளம் என்றிருந்தால் நீர்நிலை. நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம், என்றிருந்தால் பேச்சே வேறு. கரைக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு நிலம் நீர்நிலை ஆகிவிடாது. அதேபோல, வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் இருப்பதால் வாய்க்கால் நத்தமாக மாறிவிடாது. பதிவேட்டில் நீர்நிலை என்றே இருந்தாலும் மாற்று வீடு கேட்க உங்களுக்குத் தடையில்லை. இடிக்க வரும்வரை காத்திருக்காமல் அதை உடனே எழுத்தில் கேளுங்கள்.

நாளைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்தப் பதிவேட்டின் ஒரு பக்க நகலை வாங்குங்கள். மற்ற மனுக்களில் என்ன எழுத வேண்டும் என்பது அதில் உள்ள ஒரு வார்த்தையைப் பொறுத்தது.