ஸ்பின்னிங் மில்லுல பழைய ஃபயர் அலாரத்தை மாத்தப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

கோவை, திண்டுக்கல் பக்கம் மில்லுங்களுக்கு ஃபயர் அலாரம் போட்டுத் தர்ற வேலைங்க எனக்கு. பழைய சிஸ்டத்தை மாத்துறது பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒண்ணொண்ணா பதில் போடுறேன்.

மெயின்டனன்ஸ் இன்சார்ஜ், பல்லடம்: அண்ணா, எங்ககிட்ட பழைய கன்வென்ஷனல் பேனல் இருக்கு, அது ஜோனை, அதாவது ஏரியாவை மட்டும்தான் காட்டும், ஜோன் 7 அடிச்சா எங்கன்னு தேடி ஓடவே நேரம் போயிடுது. ஒவ்வொரு டிடெக்டரையும் தனித்தனியா அடையாளம் காட்டுற புது அட்ரஸபிள் பேனல் மட்டும் வாங்கிட்டு பழைய டிடெக்டரையே வெச்சுக்கலாமான்னு எம்.டி. கேக்குறாரு.

நேரா மாட்ட முடியாதுங்க. பழைய டிடெக்டருக்கு பேரும் இல்ல ஊரும் இல்ல, புகை வந்தா அந்த வயர்ல கரண்டை அதிகமா இழுக்கும், அவ்வளவுதான், அதை வெச்சுத்தான் பேனல் "இந்த ஜோன்ல ஏதோ"ன்னு சொல்லுது. ஜோன் மாட்யூல்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டு பழைய ஜோனை புது பேனலோட வயர்ல, அதாவது லூப்ல சேர்க்கலாம், ஆனா மொத்த ஜோனுக்கும் ஒரே அட்ரஸ்தான் வரும், நீங்க தேடி ஓடுறது அப்படியேதான் இருக்கும். மாத்துற காலத்துல சமாளிக்க மட்டும் அது ஓகே.

வயரை வேணா காப்பாத்தலாம். ஆனா ஒண்ணு, பழைய வயர் கடைசி டிடெக்டரோட ஒரு ரெசிஸ்டர்ல முடிஞ்சிருக்கும், லூப்னா அது திரும்பி பேனலுக்கு வரணும், அதுவும் போன வழியிலயே வராம வேற வழியா வரணும், ஒரே டிரேயில ரெண்டையும் போட்டா தீயில ரெண்டும் சேர்ந்துதான் போகும். நடு நடுவுல ஐசொலேட்டர் போட்டாத்தான் ஒரு இடத்துல ஷார்ட் ஆனாலும் மிச்சம் ஓடும். அப்புறம் வயரோட இன்சுலேஷனை டெஸ்ட் பண்ண மெகர் போட்டுப் பாக்குறப்ப டிடெக்டர், பேனல் எல்லாத்தையும் கழட்டிட்டுப் பாருங்க, 24 வோல்ட் சாமானுக்கு 500 வோல்ட் குடுத்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா.

கார்டிங் மேஸ்திரி: வாரத்துக்கு நாலு தடவை சும்மா அடிக்குது சார். இப்ப யாரும் தலையைக் கூட தூக்கிப் பாக்குறதில்ல. எலக்ட்ரீஷியன் ஹூட்டரையே கழட்டி வெச்சிட்டாரு.

எல்லாத்தையும் விட முக்கியமான கேள்வி இதுதாங்க. 2012 நவம்பர்ல டாக்கா பக்கத்துல தஸ்ரீன்னு ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரி எரிஞ்சுச்சு, நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. அங்க அலாரம் அடிச்சுதுங்க! அடிச்சப்புறம் "ஒண்ணுமில்ல, உக்காந்து வேலையைப் பாருங்க"ன்னு சூப்பர்வைசருங்க சொன்னதா உயிர் தப்பினவங்க சொல்லியிருக்காங்க. உங்க மில்லுல இப்ப இருக்கிற நிலைமையும் அதுதான். லட்சக்கணக்குல செலவு பண்ணி புது பேனல் வெச்சிட்டு இதே டிடெக்டரை இதே இடத்துல மாட்டினா, புது பேனலும் அதே மாதிரி சும்மா அடிக்கும், வேணும்னா எந்த டிடெக்டர்னு டிஸ்ப்ளேல பேரோட காட்டும்.

சாதா ஸ்மோக் டிடெக்டருக்கு பஞ்சு தூசிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால இடத்துக்கு இடம் யோசிக்கணும். பஞ்சைப் பிரிச்சு சுத்தம் பண்ற ப்ளோ ரூம்ல தீ எப்படி வருது? பஞ்சோட வந்த இரும்புத்துண்டு, பஞ்சை அடிச்சுப் பிரிக்கிற பீட்டர்ல அடிச்சு பொறி கிளம்புது, அது டக்ட் வழியா அடுத்த மெஷினுக்குப் போயிடுது. அங்க சீலிங்ல டிடெக்டர் மாட்டி பிரயோஜனமே இல்ல, டக்டுக்குள்ளயே ஸ்பார்க் சென்சார் போட்டு, பொறியைப் பாத்த உடனே டைவர்ட்டர் திறந்து அந்தப் பஞ்சை வெளிய தள்ளணும். மெட்டல் டிடெக்டரும் மேக்னட்டும் ஒழுங்கா இருந்தா பாதிப் பிரச்சினை அங்கயே முடிஞ்சுடும்.

நூல் நூக்குற ரிங் ஃப்ரேம்ல வேற கதை. அங்க எச்-பிளான்ட், அதாவது ஈரப்பதம் காக்குற ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட், காத்தை மேல இருந்து குடுத்து கீழ தரை வழியா இழுக்குது. புகை மேல ஏறும்னு நாம நினைச்சு சீலிங்ல மாட்டுறோம், அதுவோ ரிட்டர்ன் காத்தோட கீழ போயிட்டு இருக்கு. அதனால தரைக்கு அடியில காத்து திரும்பிப் போற ரிட்டர்ன் டிரெஞ்ச், ஃபில்டர் ரூம் பக்கம் கட்டாயம் வைங்க. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல ஏறி என்னைக்காவது பாத்திருக்கீங்களா? வயருக்கு மேல பஞ்சு மெத்தை மாதிரி படிஞ்சு கிடக்கும், அங்கயும் வேணும்.

கேபிள் டிரேக்கு லீனியர் ஹீட் கேபிள், அதாவது நீளம் முழுக்க சூட்டை உணர்ற வயர், நல்ல சாமான், தூசி அதை ஒண்ணும் பண்ணாது. பேனல் ரூம், ஆபீஸுக்கு சாதா ஸ்மோக் போதும்.

கோடவுன் பொறுப்பாளர்: பேல் (பஞ்சுப் பொதி) கோடவுன் 12 மீட்டர் உயரம், தகர ஷீட். அங்க என்ன போடுறது?

சீலிங்ல தனித்தனியா மாட்டுற பாயின்ட் டிடெக்டர் வேண்டாம். ஃபயர் அலாரத்துக்கான பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு பி.எஸ். 5839 கணக்குப்படி ஸ்மோக்குக்கு 10.5 மீட்டர்தான் பொதுவான லிமிட். அதோட மத்தியானம் தகரத்துக்கு அடியில சூடு காத்து தேங்கி நிக்கும், மெல்லிய புகை அதைத் தாண்டி மேல போகாது. ஒளிக்கதிரை நேரா அனுப்பி நடுவுல வர்ற புகையைக் கண்டுபிடிக்கிற பீம் டிடெக்டர் போடலாம், ஆனா தகரத்துல மாட்டாதீங்க, வெயிலுக்கு அது அசையும், பீம் விலகும், ஃபால்ட் வந்துட்டே இருக்கும், தூண்ல மாட்டுங்க. காசு இருந்தா குழாய் வழியா காத்தை உறிஞ்சிப் பாக்குற ஆஸ்பிரேட்டிங் டைப், ஃபில்டரை மாத்துற பழக்கம் இருந்தா மட்டும். பேலுக்குள்ள பொறி மாட்டினா நாள்கணக்குல உள்ளயே கனிஞ்சுட்டு இருக்கும்ங்கிறது உங்களுக்கே தெரியும், எந்த டிடெக்டரும் அதை உள்ள போய்ப் பாக்காது.

பேரு வேண்டாம்: ஷெட்டுல சத்தம் 90 டெசிபலைத் தாண்டுது, எல்லாரும் காதுல பிளக் வேற. ஹூட்டர் எப்படிக் கேக்கும்?

கேக்காது. சுத்தி இருக்கிற சத்தத்தை விட 5 டெசிபலாவது கூட இருக்கணும்னு கணக்கு, ஆனா 90க்கு மேல சத்தத்தையே ஏத்திட்டுப் போறதுல அர்த்தம் இல்ல, ஃப்ளாஷர் லைட் போடுங்க, ஒவ்வொரு சந்துல நின்னாலும் கண்ணுல படுற மாதிரி. பெரிய மில்லுங்க ஹாஸ்டலை மறந்துடுறாங்க. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பகல்ல தூங்குற பொண்ணுங்க இருக்காங்க, அங்க தலைமாட்டுல 75 டெசிபல் வரணும், காரிடார்ல ஒரு ஹூட்டர் வெச்சா கதவு சாத்தின ரூமுக்குள்ள அது வராது.

புராஜெக்ட் இன்ஜினியர்: மில்லை நிறுத்தாம மாத்த முடியுமா சார்?

முடியும். புதுசை முழுசா போட்டு டெஸ்ட் பண்ணி ஓட விட்டுட்டு, அப்புறம் ஏரியா ஏரியாவா பழசைக் கழட்டுங்க. மாத்துற நாள்ல அந்த ஏரியாவுக்கு ஒரு ஆளு, கையில எக்ஸ்டிங்குஷரும் போனும், ரோந்து மட்டும்தான் அவன் வேலை, நடுவுல பாபின் தூக்க அனுப்பக்கூடாது. அமெரிக்காவோட தீப் பாதுகாப்பு அமைப்பு என்.எஃப்.பி.ஏ. விதியில ஒரு நாள்ல 4 மணி நேரத்துக்கு மேல சிஸ்டம் நின்னா இந்தக் காவல் வேணும்னு இருக்கு, நம்ம மில்லுக்கு அது நல்ல அளவு. இன்சூரன்ஸ்காரங்களுக்கு முன்னாடியே எழுத்துல சொல்லிடுங்க. அலாரம் வந்தா எந்த ஃபேன் நிக்கணும், எந்தக் கதவு திறக்கணும்னு ஒரு டேபிள் போட்டு புரொடக்ஷன் ஆளுங்ககிட்ட கையெழுத்து வாங்குங்க, இல்லாட்டி எச்-பிளான்டை ட்ரிப் பண்ணி நிறுத்துற வயரை ரெண்டாவது வாரமே யாராவது கழட்டிடுவாங்க.

பர்ச்சேஸ்: எந்த பிராண்ட் வாங்கலாம்?

பிராண்ட் சொல்ல மாட்டேன். வேற கம்பெனி டிடெக்டர் இதுல ஓடுமா, புரோக்ராமிங் பாஸ்வேர்டும் சாஃப்ட்வேரும் எங்ககிட்ட குடுப்பீங்களா, இந்த ரெண்டையும் பர்ச்சேஸ் ஆர்டர்லயே எழுதி வாங்குங்க. டிசைன், ஃபயர் அலாரத்துக்கான இந்திய ஸ்டாண்டர்டு ஐ.எஸ். 2189 படின்னும் போடுங்க.

எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர்: பேட்டரி எவ்வளவு ஏ.எச். (ஆம்பியர்-அவர்) வேணும்?

அலாரம் இல்லாத நேரத்துல சிஸ்டம் 0.6 ஆம்ப் இழுக்குதுன்னா 24 மணி நேரத்துக்கு 14.4. அலாரத்துல 2 ஆம்ப், அரை மணிக்கு 1. கூட்டினா 15.4, பேட்டரி வயசாகும்னு 1.25ஆல பெருக்கினா 19 சொச்சம். அதுக்கு அடுத்த சைஸ் எதுவோ அது.

ஸ்டோர் கீப்பர்: கழட்டின டிடெக்டரை காயலான் கடைக்குப் போட்டுடலாமா?

பொறுங்க, முதல்ல திருப்பிப் பாருங்க. மூணு இதழ் ரேடியேஷன் சின்னமோ, அமெரிசியம் 241ன்னோ இருந்தா அது பழைய அயனைசேஷன் டைப், உள்ள கதிரியக்கப் பொருள் இருக்கு. சீலிங்ல இருந்த வரைக்கும் ஒண்ணும் பண்ணியிருக்காது, ஆனா உடைக்கவோ எரிக்கவோ எடைக்குப் போடவோ கூடாது. எண்ணி, தனிப் பெட்டியில பூட்டி வெச்சு, சப்ளையரைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க, அவங்க கையை விரிச்சா மும்பையில இருக்கிற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதி வழி கேளுங்க. சாதா ஆப்டிகல் டைப்பா இருந்தா இ-வேஸ்ட் எடுக்குறவங்ககிட்ட குடுத்துடலாம்.