பேக்எண்ட் ஆள் எடுப்பது பற்றி: கேட்டவர்களுக்கு என் பதில்

பெரிய சிஸ்டங்களுக்கு பேக்எண்ட் (ஆப்புக்குப் பின்னால் சேர்வரிலும் டேட்டாபேஸிலும் நடக்கும் வேலை) ஆட்களை நேர்முகம் எடுப்பது, மட்டக்களப்பில் இருந்தபடியே, என் வேலையில் ஒரு பகுதி. வந்த கேள்விகளுக்கு, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு, இங்கே பதில்.

கல்முனை: அண்ணன், டெலிவரி ஆப்புக்கு ஆள் தேடுகிறோம். ஒருவரின் சீவியில் காஃப்கா, குபர்னெட்டிஸ், ரெடிஸ் என்று பெரிய சிஸ்டங்களுக்கான டூல்கள் எல்லாம் இருக்கு. எடுக்கலாமா?

சீவியை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் கூடுதல் நேரம் செலவழிப்பது ஒரு கேள்வியில்தான்: வாடிக்கையாளர் காசு கட்டும் பட்டனை அமத்துகிறார், சிக்னல் போய்விட்டது, திரும்பவும் அமத்துகிறார், இரண்டு தரம் காசு வெட்டாமல் எப்படித் தடுப்பீர்கள்? "பட்டனை டிஸேபிள் பண்ணுவேன்" என்பதோடு நிறுத்தினால் சரிவராது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஃபோனிலேயே ஒரு ஐடி உருவாக்கி, திரும்ப முயலும்போதும் அதே ஐடியை அனுப்பி, டேட்டாபேஸில் யுனீக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒரே ஐடி இரண்டு தரம் பதியாமல் தடுக்கும் விதி) போட்டு, இரண்டாம் தரம் வந்தால் பழைய பதிலையே திருப்பிக் கொடுப்பேன் என்றால் அடுத்ததைக் கேட்பேன்: காசு வெட்டியாச்சு, அதைப் பதிவதற்குள் சேர்வர் விழுந்தால்? வங்கியிடம் நிலைமையைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாலும் போதும், எடுத்துவிடுவேன்.

காத்தான்குடி: ஒரு நாளைக்கு 5,000 ஓடர் வரும். மைக்ரோசேர்விஸ் (சிஸ்டத்தைச் சின்னச் சின்னத் தனி சேர்விஸ்களாகப் பிரித்துக் கட்டுவது) தெரிந்தவர்தான் வேணுமா?

தேவையில்லை. சராசரியாக நிமிடத்துக்கு நாலு ஓடர்கூட வராது, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பத்து மடங்கு ஏறினாலும் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தாங்கும். அதை ஒழுங்காகத் தெரிந்தவரைப் பாருங்கள். செட்டிங்கை மாற்றாமல் விட்டால் அது 100 கனெக்ஷன்தான் ஏற்கும். அதில் முட்டும்போது தெரிந்தவர் பிஜிபவுன்சர் (இருக்கிற கனெக்ஷன்களைப் பலருக்கும் மாறி மாறிப் பகிரும் டூல்) போடுவார், தெரியாதவர் இன்னொரு சேர்வர் கேட்பார். (காசு உங்களுடையது!)

அக்கரைப்பற்று: ஒலுவில் கம்பஸில் முடித்தேன். பெரிய சிஸ்டம் எதையும் தொட்டதில்லை. என்னை யார் எடுப்பார்கள் அண்ணா?

தங்கச்சி, படிக்கிற காலத்தில் யார்தான் தொட்டார்கள்? லேப்டொப்பில் போஸ்ட்கிரெஸ் போட்டு ஒரு டேபிளில் ஒரு கோடி வரிசை நிரப்புங்கள். ஒரு தேடலுக்கு எக்ஸ்பிளெயின் அனலைஸ் (தேடல் எப்படி ஓடியது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் கட்டளை) ஓட்டி, இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு மாதிரி, தேடலை வேகமாக்குவது) போட்டு, திரும்ப ஓட்டுங்கள். இரண்டுக்கும் நேரம் ஏன் மாறியது, இண்டெக்ஸ் போட்ட பிறகு எழுதும் வேகம் ஏன் குறைந்தது என்று விளக்கத் தெரிந்தால் சீனியர் என்று வருகிற சிலரைவிட நீங்கள் மேல்.

களுவாஞ்சிகுடி: எங்கள் சிஸ்டம் 99.9 வீத நேரம் ஓடவேணும் என்று ஒப்பந்தம். ஒரு டெவலப்பர் போதுமா?

அப்படியென்றால் 30 நாளில் மொத்தம் 43 நிமிடம்தான் சிஸ்டம் விழுந்து கிடக்கலாம். ஒருவர் தூங்கி எழும்புவதற்குள்ளேயே அது முடிந்துவிடும். குறைந்தது இரண்டு பேர் எடுங்கள், இரவில் கூப்பிடுவதற்குத் தனியாகக் காசு கொடுங்கள், அதை நேர்முகத்திலேயே சொல்லிவிடுங்கள்.