அகில் மரத்தின் வாசனை மரத்துடையதா, பூஞ்சையுடையதா?

அகில் மணப்பதற்குப் பூஞ்சைதான் காரணம் என்றால் அந்த வாசனை யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். மரத்துடையதுதான். பூஞ்சை அதைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவே.

பூஞ்சையே வாசனையைச் சுரக்கிறது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். காயம்படாத அகில் கட்டையையும் பிசின் ஏறிய சில்லையும் ஒன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. முதலாவது வெளிறிப்போய், லேசாக, மூக்கில் ஒட்டி வைத்தாலும் மணமில்லாமல் இருந்தது. மற்றதில் புழு குடைந்த துளை ஒன்று. அதைச் சுற்றி வேலி போட்டதுபோலக் கரும்பழுப்புப் படலம். வேலி கட்டியது மரம்!

சந்தனத்துக்கு வயதானால் வைரம் பாயும், அதன் மணப்பொருளான சாண்டலால் அங்கே தானாகச் சேரும். அகில் எத்தனை வயதானாலும் காயம்படாவிட்டால் வெறும் கட்டைதான். அசாமில் ஒரு அந்துப்பூச்சியின் புழு தண்டைக் குடைய, அந்த வழியே ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைகள் நுழைகின்றன. உடனே அகிலின் கட்டைக்குள் இருக்கும் உயிருள்ள செல்கள் தாங்கள் சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்து, பிசினுக்கு மணம் தரும் செஸ்கிடெர்பீன், குரோமோன் வகைப் பொருள்களை உருவாக்குகின்றன. உள்ளே பிசின் இருக்கிறதா என்பது வெளியிலிருந்து எளிதில் தெரியாது. அதனாலேயே ஒன்றுமில்லாத மரங்களும் ஏராளமாக வெட்டுப்பட்டன. நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. 1995-ல் அக்விலேரியா மலாக்கென்சிஸ் என்ற அகில் இனத்தின் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

மரம்தான் செய்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்பீர்கள். அகிலின் செல்களை மட்டும் தனியே திரவத்தில் வளர்த்து, காயம்பட்டால் செடிகள் எழுப்பும் மீத்தைல் ஜாஸ்மோனேட் என்ற சமிக்ஞைப் பொருளைச் சேர்த்தார்கள். பூஞ்சை துளியும் இல்லை. ஆனாலும் செஸ்கிடெர்பீன்கள் உருவாயின.

ஆனால் எல்லா மரத்துக்கும் இதையே சொல்லிவிட முடியாது. ஹோண்டுராஸில் ஓர் இலவங்கப்பட்டை மரக்கிளைக்குள் கிடைத்த மஸ்கோடோர் ஆல்பஸ் என்ற பூஞ்சையைப் பற்றி கேரி ஸ்ட்ரோபெல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2001-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அது மரத்துக்கு வெளியே, ஆய்வகத் தட்டில் வளர்த்தாலும் மணம் வீசும். அந்த ஆவியில் ஐசோஅமைல் அசிட்டேட்டும் உண்டு, வாழைப்பழ வாசனையில் இருக்கும் அதே பொருள். நடுவே தடுப்புள்ள தட்டில் ஒரு பக்கம் இதையும் மறுபக்கம் வேறு பூஞ்சையையும் வைத்தால், தடுப்பைத் தாண்டி வரும் அந்த ஆவி மட்டுமே எதிரில் இருக்கும் பல வகைப் பூஞ்சைகளைக் கொன்றுவிடும்.