சங்கத்து அக்கா பதில்கள்: பாஸ்புக் யார் சட்டைப்பையில்?

போன இதழில் தர்மபுரி மகளிர் சங்கங்களைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த மாதம் தபால்பை முழுக்க அதே பேச்சு. உள்ளூர்ச் சங்கத்தில் ஆரம்பித்து ஐ.நா. வரைக்கும் கேட்டுவிட்டீர்கள். சமையல் குறிப்புக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

சமூகப்பணியில் முதுகலை படிக்கிறேன். சர்வதேச வளர்ச்சித் துறையில் வேலைக்குப் போகப்போகிறேன் என்றால், "அது என்ன வேலை, ஆபீஸ் எங்கே?" என்கிறார் அப்பா. என்ன சொல்லட்டும்?
*— கல்லூரி மாணவி, திருச்சி*

என் அப்பாவும் இதையேதான் கேட்டார். "ரோம்ல ஆபீஸ், பென்னாகரத்துல வேலை" என்றேன். பாதி உண்மை. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது அதற்கு உதவியது ரோமில் இருக்கும் ஐஃபாட் என்கிற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம். நடத்தியது தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். ஊர் ஊராக நடந்தது என்னைப் போன்ற தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள். எனக்கு அப்போது 22 வயது. கையில் ஒரு ரெக்ஸின் பை, அதற்குள் ஒரு தீர்மானப் புத்தகம், ஒரு மைப்பெட்டி.

ரோமில் யாரோ ஒருவர் "பெண்களின் பங்கேற்பு" என்று ஒரு வரி எழுதுவார். அந்த வரிக்கு இங்கே என்ன அர்த்தம் தெரியுமா? மாட்டுக்குத் தண்ணி காட்டி, பிள்ளையைத் தூங்கவைத்து, ராத்திரி எட்டரை மணிக்குத் தெருவிளக்கடியில் பாய் விரித்து உட்காரும் பதினைந்து பெண்கள். அந்த நேரத்துக்கு முன்னால் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்பது எனக்குப் பிடிபடவே இரண்டு மாதம் ஆனது. ரோமையும் அந்தப் பாயையும் சேர்த்துக் கட்டுகிற வேலை என்று அப்பாவிடம் சொல். சம்பளம் எவ்வளவு என்பார். அங்கேதான் எனக்கும் பேச்சு நின்றது.

வங்கியில் முப்பது வருஷம் இருந்தவன். குழுக் கடனில் கையெழுத்து மனைவி, பணம் கணவனுக்கு. இதற்கா உலகமே நிதி கொடுக்கிறது?
*— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஓசூர்*

கவுண்டருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து பார்த்தவர், உங்களிடம் நான் மறைத்து என்ன ஆகப்போகிறது? நீங்கள் சொல்வதைப் பங்களாதேஷில் ஆய்வே செய்து எழுதினார்கள். ஆன் மேரி கோயட்ஸ், ரினா சென் குப்தா என்ற இருவரும் 1996-ல் வெளியிட்ட கட்டுரை அது. பெண் பெயரில் வாங்கிய கடனில் கணிசமான பங்கு ஆணின் கையில்தான் இருந்தது, திருப்பிக் கட்டும் பாரம் மட்டும் பெண்ணின் தலையில். ஆனால் அதே நாட்டில் நைலா கபீர் என்ற பொருளியலாளர் கடன் வாங்கிய பெண்களிடமே போய்க் கேட்டபோது, பலர் வேறு விதமாகச் சொன்னார்கள். பணத்தை அவர் வியாபாரத்தில் போட்டாலும், அது என்னால் வந்த பணம் என்று வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு வந்தது என்றார்கள். இரண்டுமே உண்மை என்பது என் கட்சி.

நான் கண்ணால் பார்த்தது ஒன்று. எங்கள் சங்கம் ஒன்றில் ஒருத்தியின் பாஸ்புக் எப்போதும் அவள் கணவரின் சட்டைப்பையில்தான் இருக்கும். கூட்டத்துக்குக் கொண்டுவா என்றால், "அவரு சந்தைக்குப் போயிருக்காருக்கா" என்பாள். நான் உபதேசம் பண்ணிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சங்கத்தை வழிநடத்தும் ஊக்குநராக இருந்த பெண்மணிக்குக் கையெழுத்தைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது. அவர் ஒருநாள் தீர்மானம் போடச் சொன்னார்: எல்லாருடைய பாஸ்புக்கும் சங்கத்துத் தகரப்பெட்டியில் இருக்க வேண்டும், பெட்டி ஒருத்தி வீட்டில், சாவி இன்னொருத்தி வீட்டில். கணவர் வந்து சத்தம் போட்டார். பெட்டி வைத்திருந்தவள், "சாவி என்கிட்ட இல்லண்ணா" என்றாள். சாவி வைத்திருந்தவள், "பெட்டி என்கிட்ட இல்லண்ணா" என்றாள். மனைவியோடு சண்டை போடலாம், பதினைந்து வீட்டோடு எப்படிப் போடுவது? மனிதர் போய்விட்டார். தலைமைத்துவப் பயிற்சி என்று பின்னால் பல ஊர்களில், ஏசி அறைகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்தத் தகரப்பெட்டிக்கு மேல் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார் எங்கள் பேராசிரியர். சரியா?
*— வேளாண்மைக் கல்லூரி மாணவர், கோவை*

பதிவு வேண்டும்தான். ஆனால் பத்திரத்தில் பேர் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கதை இருக்கிறது. நான் காம்பியாவுக்குப் போனதில்லை, ஆனால் எங்கள் காலத்தில் இந்தத் துறைக்கு வந்த எல்லாருக்கும் பயிற்சி வகுப்பில் சொன்ன கதை இது.

காம்பியாவில் சதுப்பு நிலத்தில் நெல் பயிரிடுவது வெகுகாலமாகப் பெண்கள் வேலை. ஒரு பெண் தானே திருத்திய வயலுக்கு 'காமன்யாங்கோ' என்று பெயர். அதில் விளைவது அவளுக்கு. குடும்பம் முழுவதும் உழைத்து, குடும்பத் தலைவர் கையில் விளைச்சல் போகும் நிலம் 'மாருவோ'. 1960-களிலும் 70-களிலும் வந்த பாசனத் திட்டங்கள் இதைக் கவனிக்கவே இல்லை. நெல் விவசாயி என்றால் ஆண் என்று அவர்களாகவே முடிவுகட்டி, நாற்று நட்டே பழகாத ஆண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நம்மூரில் நடவுக்கு ஆண்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி.

1984-ல் ஜஹாலி–பச்சார் என்ற பெரிய பாசனத் திட்டம் வந்தது, சுமார் 1,500 ஹெக்டேர். இதிலும் ஐஃபாட் உண்டு, முதல் பதிலில் சொன்ன அதே ரோம் ஆபீஸ். பழைய தவறு நடக்கக்கூடாது, நிலம் பெண்கள் பெயரில் பதிவாக வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பதிவும் ஆனது. ஆனால் பாசன வயல் எல்லாம் 'மாருவோ' என்று வகைப்படுத்தப்பட்டது. ஒரே ஒரு சொல்! அந்தச் சொல் மாறியதும் பேர் பெண்ணுடையது, விளைச்சல் குடும்பத் தலைவருடையது என்றாகிவிட்டது. வருஷத்துக்கு இரண்டு போகம் வந்ததால் வேலையும் இரட்டிப்பு. பெண்கள் சும்மா இருக்கவில்லை. சில வீடுகளில் உழைப்புக்குக் கூலி கேட்டார்கள், நெல்லாகவும் வாங்கினார்கள். சிலர் அந்த வயலில் இறங்கவே மறுத்தார்கள். புவியியலாளர் ஜூடித் கார்னி இதை விரிவாக எழுதியிருக்கிறார், தம்பி தேடிப் படிக்கவும்.

ஒரு சொல்லில் உரிமை போவது நமக்கும் புதிதில்லை. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததும் அதே 1989-ல்தான். வந்த பிறகு என்ன நடந்தது? "சீர் செஞ்சாச்சே" என்று சொல்லி, அக்கா தங்கைகளைச் சார்பதிவாளர் ஆபீசுக்கு அழைத்துப்போய், பங்கு வேண்டாம் என்று ஒரு கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை என்று கேட்டுவிடாதே. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. போட்டவள் நான்.

பெண் தலைவராக வந்தால் நிஜமாகவே ஏதாவது மாறுமா? எங்கள் ஊராட்சியில் தலைவர் பெண், பேசுவது அவர் கணவர்.
*— வாசகி, திருவண்ணாமலை*

உங்கள் ஊர் மட்டுமில்லை. ஆனால் கணவர் பேசுகிறார் என்பதோடு முடிவுகட்ட வேண்டாம். அரசியலமைப்பின் 73-வது திருத்தத்தின்படி மூன்றில் ஒரு பங்குத் தலைவர் பதவி பெண்களுக்கு என்றானபோது, எந்த ஊராட்சிக்கு ஒதுக்கீடு என்பது கிட்டத்தட்ட குலுக்கல் போல அமைந்தது. அதனால் ஒதுக்கிய ஊரையும் ஒதுக்காத ஊரையும் ஒப்பிட முடிந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூஃப்லோவும் (அவர் பிறகு 2019-ல் பொருளியல் நோபல் பரிசு வாங்கினார்) மேற்கு வங்கத்தில் பீர்பூமிலும் ராஜஸ்தானில் உதய்பூரிலும் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். வங்கத்தில் பெண்கள் குடிநீரும் சாலையும் கேட்டார்கள், பெண் தலைவர்கள் இரண்டுக்கும் கூடுதலாகச் செலவிட்டார்கள். ராஜஸ்தானில் பெண்கள் குடிநீர் கேட்டார்கள், சாலையை ஆண்கள்தான் அதிகம் கேட்டார்கள். அங்கே பெண் தலைவர்கள் குடிநீருக்குக் கூட்டி, சாலைக்குக் குறைத்தார்கள். கணவர் பின்னால் நின்றிருக்கலாம், ஆனாலும் குழாய் வந்திருக்கிறது!

இதில் என்னை உறுத்துவது வேறு. டூஃப்லோவும் பெட்டியா டோபலோவாவும் செய்த இன்னொரு ஆய்வில், பெண் தலைவர் இருக்கும் ஊரில் குடிநீர் வசதி கூடுதல், தரமும் குறைவில்லை. ஆனால் ஊர்மக்களின் திருப்தி மட்டும் குறைவு. தண்ணீரைக் குடித்துக்கொண்டே குறை சொல்லியிருக்கிறார்கள். மருமகள் வைத்த குழம்புக்கு நடப்பது ஊராட்சித் தலைவருக்கும் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2016-லேயே உள்ளாட்சி ஒதுக்கீட்டை 50 சதவீதமாக்கிவிட்டோம். குழம்பைப் பற்றிய பேச்சுதான் இன்னும் மாறவில்லை.

ஐ.நா.வுக்குப் பெண் பொதுச்செயலாளர் ஏன் வரவில்லை?
*— வாசகர், புதுச்சேரி*

1946-லிருந்து 2025 வரை ஒன்பது பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள், ஒன்பது பேரும் ஆண்கள். ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. 2016-ல் போட்டியிட்ட 13 பேரில் 7 பேர் பெண்கள். பாதுகாப்பு அவை கைகாட்டும் ஆளைத்தான் பொதுச்சபை நியமிக்கும், அந்த அவையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ, அதாவது ஒருவர் வேண்டாம் என்றாலே தடுத்துவிடும் அதிகாரம். கல்யாணத்துக்கு ஐந்து சித்தப்பாக்கள் சம்மதிக்க வேண்டும் என்றால் மாப்பிள்ளை எப்படி அமைவார்? அப்படித்தான். ஐ.எம்.எஃப். என்கிற பன்னாட்டு நாணய நிதியத்துக்கு 2011-ல் கிறிஸ்டின் லகார்டும், உலக வர்த்தக அமைப்புக்கு 2021-ல் ங்கோசி ஒகோன்ஜோ-இவெலாவும் தலைவராக வந்ததைப் பார்த்தால், சித்தப்பாக்களும் மனம் மாறக்கூடியவர்கள்தான்.

அந்த உயரத்துக்குப் போன தமிழ்ப் பெண்கள் உண்டா, அக்கா?
*— வாசகி, யாழ்ப்பாணம்*

உங்கள் நாட்டிலேயே இருக்கிறாரே தங்கச்சி, ராதிகா குமாரசுவாமி! பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐ.நா.வின் முதல் சிறப்பு அறிக்கையாளர், 1994-லிருந்து. போரில் சிக்கிய குழந்தைகளுக்கான ஐ.நா. பிரதிநிதியாகவும் இருந்தார். சமாதானப் பேச்சில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று 2000-ல் வந்த பாதுகாப்பு அவையின் 1325-ம் தீர்மானம் 15 ஆண்டில் என்ன சாதித்தது என்ற உலக ஆய்வை 2015-ல் தலைமையேற்று எழுதியவரும் அவர்தான். இங்கே நம் சென்னையில் பிறந்த சௌமியா சுவாமிநாதன் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியாக இருந்தார்.

எங்கள் நிறுவனத்தில் எல்லாத் திட்டத்துக்கும் பாலினக் குறியீடு 1 போடச் சொல்கிறார்கள். கிணறு வெட்டினாலும் 1, கணினி வாங்கினாலும் 1. இது நியாயமா?
*— களப்பணியாளர், மதுரை*

பணக்கார நாடுகளின் ஓ.இ.சி.டி. அமைப்பு வைத்த குறியீடு அது. மற்ற வாசகர்களுக்காக: பாலினச் சமத்துவமே முதன்மை நோக்கம் என்றால் 2, நோக்கங்களில் ஒன்று என்றால் 1, அந்த நோக்கமே இல்லை என்றால் 0. கொடுப்பவர் முகம் சுளிக்காமலும் நீங்கள் கூடுதலாக எதுவும் செய்யாமலும் தப்பிக்க 1-ஐப் போல வசதி வேறில்லை.

ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) இதை நிரப்பவே ஒரு கூட்டம் போட்டார்கள். மேஜையைச் சுற்றி ஏழு ஆண்கள், நான் ஒருத்தி. அந்தக் கிராமங்களுக்குப் போனவளும் நான் ஒருத்திதான். தலைமை தாங்கியவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "மேடம், டீ சொல்லிடுங்களேன்" என்றார். சொன்னேன். திரும்பி வருவதற்குள் 1 போட்டுவிட்டிருந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: 1 போட்டால் அதற்குப் பக்கத்தில் யாருக்கு, எத்தனை ரூபாய், யார் கையில் என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். எழுத முடியவில்லை என்றால் 0. டீயை யாராவது ஒரு தம்பி சொல்லட்டும்.

மனைவி பத்து நாள் பயிற்சிக்கு நைரோபி போகிறார். நானும் இரண்டு பிள்ளைகளும் வீட்டில். ஏதாவது யோசனை?
*— கணவர், சேலம்*

மாவு அரைத்து வைத்துவிட்டுப் போகச் சொல்லாதீர்கள், பத்து நாளில் புளித்துவிடும். நீங்களே அரையுங்கள். உளுந்தைத் தனியாக ஊறவையுங்கள்.