மேற்கே மின்னுவது வெள்ளியா, வியாழனா?

கேள்வி: சூரியன் மறைந்ததும் மேற்கே மிகப் பிரகாசமாக ஒரு புள்ளி தெரிகிறது. சில நேரம் சிமிட்டுகிறது, சில நேரம் இல்லை. கைபேசிச் செயலி ஒரு நாள் வெள்ளி என்றும் மறுநாள் வியாழன் என்றும் காட்டுகிறது. தொலைநோக்கி இல்லாமல் எப்படி உறுதி செய்வது?

பதில்: "சிமிட்டினால் நட்சத்திரம், சிமிட்டாவிட்டால் கோள்" என்று பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அது தவறில்லை, ஆனால் அடிவானத்துக்கு அருகே உதவாது. நட்சத்திரம் நமக்கு வெறும் புள்ளி, காற்றின் அசைவு அதன் ஒளியை அப்படியே ஆட்டிவிடும். கோளோ சிறு வட்டு. வட்டின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக ஆடுவதால் மொத்தத்தில் ஆட்டம் அடங்கிவிடுகிறது. அடிவானத்தை நெருங்க நெருங்க நடுவில் இருக்கும் காற்று அதிகமாகும். அப்போது வெள்ளியே சிவப்பும் பச்சையுமாகத் துடிக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, அது சூரியனிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை. கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். முஷ்டியின் அகலம் வானில் சுமார் 10 பாகை. வெள்ளியின் பாதை பூமியின் பாதைக்கு உள்ளே இருப்பதால், அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. அதாவது ஐந்து முஷ்டிக்குள்தான். புதனுக்கு இந்த எல்லை 28 பாகை. அதனால் மங்குவதற்குள் அவசரமாகத் தேட வேண்டிய கோள் அது. சூரியன் மறைந்த இடத்திலிருந்து, மறைந்த சில நிமிடங்களிலேயே அளந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் தாமதித்தால் சூரியன் 15 பாகை நகர்ந்திருக்கும், ஒன்றரை முஷ்டியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். செங்குத்தாக மட்டும் அளக்காதீர்கள். பல மாதங்களில் கோள்கள் சாய்வாகவே நிற்கும்.

ஐந்து முஷ்டிக்கு மேல் போனாலோ, மாலையில் கிழக்கே எழுந்தாலோ அது வெள்ளியே இல்லை. ஐந்துக்குள் இருந்தால் வெள்ளியாகவும் இருக்கலாம், வியாழனாகவும் இருக்கலாம். இங்கே பிரகாசம் கைகொடுக்கும். வெள்ளி வியாழனைவிடப் பொதுவாக ஐந்தாறு மடங்கு பிரகாசமானது; வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே பளிச்சென்று தெரிந்துவிடும். வியாழன் தெரிய சற்று இருட்ட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வானில் இருந்தால் சந்தேகமே வராது. தனியாக இருக்கும்போதுதான் குழப்பம். வெள்ளி ஒருமுறை மாலை வானுக்கு வந்தால் ஏறக்குறைய 8 மாதம் தங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். அதிகம் ஏமாற்றுவது செவ்வாய்தான். 26 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கு அருகே வரும்போது (2025 ஜனவரி, அடுத்து 2027 பிப்ரவரி) நன்றாக ஒளிரும். மற்ற காலத்தில் சாதாரண நட்சத்திரம் போல மங்கிவிடும். கேட்டை, ரோகிணி, திருவாதிரை ஆகிய மூன்றும் சிவந்த நட்சத்திரங்கள். செவ்வாய் என்று தவறாக நினைக்கப்படுபவை. கேட்டையின் மேலைப் பெயரான அண்டாரெஸ் என்பதன் பொருளே 'செவ்வாய்க்குப் போட்டி'. சனி வெளிர்மஞ்சள், பார்வைக்கு அடக்கமானது. 2025 மார்ச்சில் அதன் வளையங்களின் மெல்லிய விளிம்பு நம்மை நோக்கித் திரும்பியதால் அந்த ஆண்டில் வழக்கத்தைவிட மங்கலாகவே தெரிந்தது.

செயலி மாற்றி மாற்றிச் சொல்வதற்குப் பெரும்பாலும் கைபேசியின் திசைகாட்டியே காரணம். காந்த மூடி போட்ட உறை, இரும்புக் கைப்பிடி, கார் எல்லாமே அதைத் திருப்பிவிடும். உறையைக் கழற்றி, கைபேசியைக் காற்றில் எட்டு வடிவில் சிலமுறை சுழற்றி, முதலில் நிலாவைக் காட்டிச் சோதியுங்கள். நிலா சரியான இடத்தில் வந்தால் மற்றதையும் நம்பலாம்.

இன்னும் சந்தேகம் என்றால் அருகிலுள்ள இரண்டு நட்சத்திரங்களோடு சேர்த்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். ஒரு வாரத்தில் வெள்ளி பெரும்பாலும் ஏழு பாகையளவு நகர்ந்திருக்கும். செவ்வாய் அதில் பாதி. வியாழனுக்குப் பல வாரம் வேண்டும், சனிக்கு அதைவிட அதிகம். திசை திரும்பும் சமயத்தில் எந்தக் கோளும் சில நாள் அசையாமல் நிற்கும், அதனால் ஒரே வாரத்தில் முடிவு கட்டாதீர்கள்.

வீட்டில் 10×50 பைனாகுலர் இருந்தால் முழங்கைகளைச் சுவர்மேல் ஊன்றிப் பாருங்கள். புள்ளியின் பக்கவாட்டில் ஒரே கோட்டில் சின்னப் பொட்டுகள் நான்கு வரை தெரிந்தால் அது வியாழனும் அதன் நிலாக்களும். சூரியன் முழுதாக மறைந்த பிறகு மட்டுமே பைனாகுலரை எடுங்கள். ஒரு நொடி சூரியன் பட்டாலும் கண் போய்விடும்.