வீட்டுக் கிணற்றில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, பக்கத்து பங்க்கைச் சந்தேகிக்கலாமா?

தாராளமாகச் சந்தேகிக்கலாம். "எங்கள் கணக்கு சரியாக இருக்கிறது" என்று பங்க்கில் சொன்னாலும் விடாதீர்கள். பதினோரு வருடம் சூப்பர்வைசராக இருந்து அந்தக் கணக்கை எழுதியவன் நான்.

உங்கள் வீடு பங்க்கின் பின்சுவரை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் பங்க்குக்குப் பின்னாலும் அப்படி ஒரு வீடு. அந்த வீட்டு அக்கா ஒருநாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "தம்பி, மோந்து பாருங்க" என்றார். வாடை இருந்தது. "மோட்டார்ல ஆயில் கசியுதுக்கா, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டேன். வேண்டுமென்றே பொய் சொன்னேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று காலை டேங்க் இருப்பை அளந்து பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அந்தச் "சரி"யில்தான் சூட்சுமம். தினமும் காலையில் டேங்க் மூடியைத் திறந்து டிப் ராடை, அதாவது அளவுக்கம்பியை, இறக்குவோம். எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து, சார்ட்டில் லிட்டரைப் படித்து, நேற்றைய இருப்பு, வந்த லோடு, மீட்டரில் ஓடிய விற்பனை எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் கொஞ்சம் குறையும். பெட்ரோல் ஆவியாகிற சரக்கு, அதனால் முக்கால் சதவீதம் வரை குறைந்தால் யாரும் கேட்பதில்லை. நாளுக்கு 5,000 லிட்டர் விற்கிற பங்க்கில் அது 37 லிட்டருக்கு மேல். தினம் 10 லிட்டர் மண்ணுக்குள் போனாலும் இதற்குள் ஒளிந்துகொள்ளும். வருடத்துக்கு 3,650 லிட்டர்!

எனக்கு உறைத்தது மார்கழியில். சித்திரை வெயிலில் எவ்வளவு குறைந்ததோ, அந்தக் குளிரிலும் அதே அளவு குறைந்தது. கூடவே, இரண்டாம் நம்பர் மெஷினில் காலை முதல் வண்டிக்கு நாசிலை அழுத்தினால் மோட்டார் ஓடும், எண்ணெய் வராது. காற்றை இழுத்துத் துப்பிவிட்டு அப்புறம்தான் வரும். முதலாளி "மெஷின் பழசுப்பா" என்றார். இன்னும் இரண்டு மாதம் ஓட்டினோம். ஒருவழியாகத் தோண்டியபோது டேங்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மெஷினுக்கு அடியில் பைப் வளைகிற எல்போ துருப்பிடித்துச் சல்லடையாக இருந்தது. காற்று உள்ளே போனதும் பெட்ரோல் வெளியே கசிந்ததும் அந்த வழியாகத்தான். ஆறடி ஆழத்து மண்ணைக் கையில் எடுத்து மோந்தவருக்குத் தலை சுற்றியது. 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்லில் எண்ணெய் வந்ததே, அதுவும் மண்ணுக்கடியில் போன பைப்லைன்தான்.

அப்புறம் நிலத்தடித் தண்ணீரைச் சோதிக்கப் பங்க் வளாகத்தில் மூன்று இடத்தில் போர் போட்டு, ஓட்டை போட்ட பிவிசி பைப் இறக்கினார்கள். கயிறு கட்டிய, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற குழாயை உள்ளே விட்டுத் தூக்கினால் தண்ணீருக்கு மேல் விரற்கடை உயரத்துக்குப் பெட்ரோல். பெட்ரோலில் இருந்து தண்ணீரில் கரைந்துபோயிருக்கும் பென்சீன் என்ற நச்சு ரசாயனம் அதைவிட மோசம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அந்த அளவை மூக்கு கண்டுபிடிக்காது. இப்போது பெட்ரோலில் எத்தனால் என்கிற ஆல்கஹால் வேறு கலந்து வருகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத்தான் தின்னும், அதுவரை பென்சீன் நகர்ந்துகொண்டே இருக்கும்.

"பங்க்காரன் எல்லாம் திருடன்" என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 100-க்குப் போட்டால் ஏமாற்றுவான் என்று 110-க்குப் போடச் சொல்கிறீர்களே, மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான் ஐயா. ஐந்து லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பதினோரு வருடத்தில் என்னிடம் கேட்டது இரண்டே பேர். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மேல்தொட்டிக் குழாய்த் தண்ணீரை வாட்டர் பாட்டிலில் பிடித்து லேபுக்குக் கொண்டுபோகாதீர்கள். பென்சீன் வழியிலேயே பறந்துவிடும், "நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். லேபிலேயே சின்னக் கண்ணாடிக் குப்பி வாங்கி, கிணற்றிலிருந்து நேராக, குமிழி இல்லாமல் தளும்ப நிரப்பி மூடி, ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். "பிடெக்ஸ்" (BTEX) டெஸ்ட் என்று கேளுங்கள், பென்சீனையும் அதன் வகையறாவையும் பார்க்கிற டெஸ்ட் அது, சாதாரணக் குடிநீர் டெஸ்டில் இது வராது. மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. ரிப்போர்ட்டை மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்திலும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளிலும் கொடுத்து, பங்க் வளாகத்தில் எடுத்த ரிப்போர்ட்டின் நகலையும் எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் மூன்று போரின் ரிப்போர்ட் ஃபைலுக்குள் போனது. அக்காவுக்கு யாரும் காட்டவில்லை. இரண்டு வருடம் தெருக்குழாயில் குடம் தூக்கினார். வேலையை விட்ட அன்று ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிட நினைத்தேன். ஜெராக்ஸ் கடை வரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஒன்று விட்டுப்போச்சு. தூர் வாரினால் சரியாகிவிடும் என்று கிணற்றுக்குள் ஆளை இறக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி நிற்கும்.