விதியில்தான் விஷயம் இருக்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அக்கா மகள் நியூயார்க்கில், புரூக்ளினில் வளர்கிறாள். வயது 15. இந்தக் கோடை விடுமுறையில் சமூக நீதியை மையமாக வைத்து கேம் உருவாக்கக் கற்றுத்தரும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். அக்காவுக்குப் பெருமை. அத்தானோ, "எப்பப் பார்த்தாலும் கேம், இப்ப அதுக்கு வகுப்பு வேறயா?" என்கிறார். கேமுக்கும் சமூக நீதிக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சின்ன வயதில் 'பிசினஸ்' ஆடியிருக்கிறாரா என்று அத்தானிடம் கேளுங்கள். பம்பாய், டெல்லி என்று ஊர் ஊராக வாங்கி, வாடகை வசூலித்து, கூட ஆடுபவரை ஓட்டாண்டியாக்குவோமே, அதேதான். அதற்கு மூலம் அமெரிக்காவின் மோனோபொலி. மோனோபொலிக்கு மூலம், எலிசபெத் மேகி என்ற பெண் 1904இல் காப்புரிமை பெற்ற 'லேண்ட்லார்ட்ஸ் கேம்'. நிலத்தை வளைத்துப் போட்டவர் உட்கார்ந்த இடத்தில் கொழுப்பதையும், மற்றவர்கள் வாடகை கட்டியே தேய்வதையும் கண்ணெதிரே காட்டத்தான் அவர் அதை உருவாக்கினார். ஒருவர் சம்பாதித்தால் எல்லோருக்கும் பலன் போகிற மாதிரி இன்னொரு விதித் தொகுப்பும் எழுதினார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் 500 டாலருக்கு அவரிடமிருந்து உரிமையை வாங்கியது. ஆனால் உலகம் முழுக்க விற்றுத் தள்ளியது ஓட்டாண்டியாக்கும் விளையாட்டைத்தான். விதி மாறினால், அதே பலகையில் ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் நடத்தும் விதமே மாறிவிடுகிறது. உங்கள் அக்கா மகள் கற்கப் போவது இதைத்தான்.

புரூக்ளினில் இப்படியொரு கோடைப் பயிற்சியில் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். முதல் வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டோம். சார்ட் பேப்பர், பகடை, சட்டைப் பொத்தான், ஒட்டுத் தாள், அவ்வளவுதான். ஒரு குழு எடுத்துக்கொண்டது மாணவர் மெட்ரோகார்டு, அதாவது நகரின் ரயிலிலும் பஸ்ஸிலும் போக மாணவர்களுக்குத் தரும் அட்டை. அப்போதெல்லாம் அந்த இலவச அட்டை பள்ளி நாட்களில் மட்டும் செல்லும். ஒரு நாளைக்கு மூன்று பயணம், காலை 5.30 முதல் இரவு 8.30 வரை. பள்ளி விட்டு வேலைக்குப் போய் ஒன்பது மணிக்குத் திரும்புகிற பிள்ளை கையிலிருந்து 2.75 டாலர் கொடுக்க வேண்டும்.

முதலில் அவர்கள் செய்தது வினாடி வினா. சரியான பதில் சொன்னால் இரண்டு கட்டம் முன்னே போகலாம். ஆடிய எல்லோருக்கும் கொட்டாவி. "ஆடுகிறவர் இதில் என்ன முடிவு எடுக்கிறார்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் வேறொன்றோடு வந்தார்கள். நான்கு பேருக்கும் ஒரே பகடை, ஆனால் தொடக்கத்தில் ஆளுக்கொரு அட்டை. ஒருவருக்குக் காரில் கொண்டுவிடும் அப்பா. இன்னொருவருக்கு மாணவர் அட்டையும் இரவு வேலையும். பலகையின் ஓரத்தில் ஒரு கடிகாரம். அதில் 8.30 தாண்டினால் மாணவர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும்.

சண்டை அங்கேதான் தொடங்கியது. இரவு வேலைப் பிள்ளை ஜெயிக்க முடியுமா, கூடாதா? முடியாதென்றால் ஆடுகிறவர் பாதியில் கையை விரித்துவிடுகிறார். கஷ்டப்பட்டு ஜெயிக்கலாம் என்றால், 'உழைத்தால் போதும், தவறு உன்மேல்தான்' என்று விளையாட்டே சொல்வது போலாகிறது. இரண்டும் பொய் என்று அந்தப் பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். கடைசியில் ஒரு பெண் சொன்ன யோசனை நிலைத்தது: ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நால்வரும் ஓட்டுப் போட்டு ஒரு விதியை மாற்றலாம். கார் வைத்திருப்பவரின் ஓட்டையும் பேசித்தான் வாங்க வேண்டும். பேச்சு சூடு பிடித்த பிறகு பகடையை உருட்டவே மறந்துபோனார்கள். பதினைந்து வயதில் இதை யோசித்தார்களே என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

2024இல் நிஜ அட்டையின் விதியும் மாறியது. இப்போது நாளுக்கு நான்கு பயணம், ஆண்டு முழுக்க, எந்த நேரத்திலும். இந்த விளையாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் விதி மாறக்கூடியது என்று அந்தப் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும்.

கேள்வி: இப்படிப்பட்ட கேம்கள் நீதி போதனை வகுப்பு மாதிரி ஆகிவிடாதா?
– வாசகர், மதுரை

பதில்: ஆகும், நிறையவே ஆகியிருக்கிறது. எதிர் உதாரணமாக ஒன்று சொல்கிறேன். நியூயார்க்கின் குளோபல் கிட்ஸ் அமைப்பில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், கேம்லேப் நிறுவனத்தோடு சேர்ந்து 2006இல் 'ஆயிட்டி: தி காஸ்ட் ஆஃப் லைஃப்' என்ற கேமை உருவாக்கினார்கள். ஹெய்ட்டியின் கிராமத்தில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தை நீங்கள் நடத்த வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால் கையில் காசு கரைகிறது. வேலைக்கு அனுப்பினால் உடம்பு கெடுகிறது. வறுமை ஏன் படிப்பைத் தடுக்கிறது என்று அதில் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. மருந்துக்கா, பள்ளிக் கட்டணத்துக்கா என்று கை தயங்கும்போது தானாகப் புரிகிறது.

2014இல் வந்த 'பேரபிள் ஆஃப் தி பாலிகன்ஸ்' இன்னொன்று. சதுரங்களும் முக்கோணங்களும் ஒரே ஊரில் கலந்து வாழ்கின்றன. பக்கத்தில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தன் இனம் இருந்தால் மட்டுமே ஒருவர் இடம் மாறுவார். இந்தச் சின்ன விருப்பமே ஊரைத் தனித்தனித் தெருக்களாகப் பிரித்துவிடுவதை நீங்களே இழுத்து இழுத்து வைத்துப் பார்க்கலாம். பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங்கின் ஆய்வை ஒட்டியது. இணையத்தில் இலவசம், அரை மணி நேரம் போதும். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடுங்கள்.

கேள்வி: கோடிங் தெரியாதவர்கள் சேரலாமா?
– மாணவி, ஈரோடு

பதில்: தாராளமாக. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் உருவாக்கிய ஸ்கிராட்ச் இருக்கிறது. கட்டளை எழுத வேண்டாம், வண்ணத் துண்டுகளை இழுத்து அடுக்கினால் போதும். கதை போன்ற கேம்களுக்கு ட்வைன் இருக்கிறது. இரண்டும் காசில்லாமல் கிடைக்கும். காகிதத்தில் ஆடிப் பார்க்காததைக் கம்ப்யூட்டரில் ஏற்றாதே, அதுதான் முக்கியம்.

கேள்வி: மகனை இப்படி ஒரு பயிற்சியில் சேர்க்க நினைக்கிறோம். நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், நியூஜெர்சி

பதில்: தலைப்பை யார் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேளுங்கள். பெரியவர்கள் முடிவு செய்து கொடுத்தால் போஸ்டர் மாதிரிதான் கேம் வரும். அறைக்கு வெளியே இருப்பவர்கள் ஆடிப் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள்.

அப்புறம், யாரும் அதிகம் கேட்காத ஒன்று: பயணச் செலவும் மதியச் சாப்பாடும் உண்டா? கோடையில் வேலைக்குப் போயே ஆக வேண்டிய பிள்ளைகள் ஏராளம். நியூயார்க் நகரமே 14 முதல் 24 வயது வரையுள்ளவர்களுக்குச் சம்பளத்தோடு கோடை வேலைத் திட்டம் நடத்துகிறது. பயிற்சிக்கு வந்தால் சம்பளம் போய்விடும் என்றால் அந்தப் பிள்ளை எப்படி வரும்? சமூக நீதி பற்றிய வகுப்பில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. ஊக்கத்தொகை தருகிற பயிற்சிகள் இருக்கின்றன. உங்கள் மகனுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். இருந்தாலும் அப்படிப்பட்ட இடமாகப் பார்த்துச் சேருங்கள். மெட்ரோகார்டு விளையாட்டை யோசித்தவள் அந்தத் தொகை இருந்ததால்தான் வந்தாள்.